புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் இரண்டில் ஒரு பதில் உடனே வரும்: "ராம் போடு", இல்லையென்றால் "ஃபார்மட் அடி". இரண்டுமே சில நேரம் பலிக்கும், அதனால்தான் இந்த யோசனைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எந்தப் பாகம் தடுமாறுகிறது என்று பார்க்காமல் செலவு செய்தால் வேகம் பழையபடியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். பார்ப்பதற்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஆபரேட்டிங் சிஸ்டமே எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறது, அதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் ஸ்டார்ட் மெனு, வால்பேப்பர், ஐகான்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் முக்கியமான வேலை திரையில் தெரிவதே இல்லை. ஒரே பிராசஸரை நூற்றுக்கணக்கான புரோகிராம்களுக்கு மில்லி செகண்டு கணக்கில் பங்கு போட்டுத் தருவது, ராம் என்கிற தற்காலிக மெமரியில் யாருக்கு எவ்வளவு என்று ஒதுக்குவது, ஒரு புரோகிராம் இன்னொன்றின் இடத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது, எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்று பதிவு வைப்பது, பிரிண்டர், வைஃபை, கேமரா எல்லாவற்றோடும் டிரைவர் என்ற அந்தந்தச் சின்ன மென்பொருள் வழியாகப் பேசுவது. இதையெல்லாம் செய்கிற உள்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பிரவுசரோ கேமோ எதுவாக இருந்தாலும் ஹார்டுவேரைத் தொட வேண்டுமானால் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். எனவே எது எவ்வளவு செலவாகிறது என்பது அதற்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் கணக்கைப் பார்க்க விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டர், பெரும்பாலான லினக்ஸ்களில் சிஸ்டம் மானிட்டர். நான் விண்டோஸை வைத்தே சொல்கிறேன், மற்ற இரண்டிலும் விஷயம் ஏறத்தாழ ஒன்றுதான்.

எப்போது பார்ப்பது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்த முதல் ஐந்து நிமிடத்தில் பார்க்காதீர்கள். அப்போது அப்டேட், ஆன்டிவைரஸ், பின்னணி வேலைகள் எல்லாம் ஒன்றாக எழுந்து ஓடும், எந்தக் கம்ப்யூட்டரும் அப்போது மூச்சு வாங்கத்தான் செய்யும். நீங்கள் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்து, எரிச்சல் வருகிற அந்த நேரத்தில் பாருங்கள். சும்மா இருக்கும்போது எடுத்த கணக்கால் ஒரு பயனும் இல்லை.

முதலில் சிபியு (பிராசஸர்) பக்கத்தில் கீழே "அப் டைம்" என்று ஒன்று இருக்கும், அதைக் கவனியுங்கள். தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்கிறவர்களுக்குக்கூட அங்கே பல நாட்கள் என்று காட்டும். தவறான எண் அல்ல அது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே எழுப்பப்படும். சீக்கிரம் ஆன் ஆவதற்காகச் செய்த ஏற்பாடு. இதனால் ஏதாவது ஒரு டிரைவர் சிக்கிக்கொண்டால் அந்தச் சிக்கலும் சேர்ந்தே மறுநாள் எழுந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா?" என்ற கேள்வியை எல்லோரும் கிண்டல் செய்வார்கள், ஆனால் ஷட்டவுன் செய்து ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல என்பது தெரிந்தால் அந்தக் கேள்வியில் அர்த்தம் இருப்பது புரியும். எனவே முதல் வேலை ரீஸ்டார்ட். அப்புறமும் மெதுவாக இருந்தால் கீழே படியுங்கள்.

மெமரி பக்கம்

ராம் 80 சதவீதம் நிறைந்திருக்கிறது என்று பார்த்தவுடன் பதறாதீர்கள். சும்மா கிடக்கிற ராமால் யாருக்கும் லாபமில்லை என்பதால், மீதி இடத்திலும் சமீபத்தில் திறந்த ஃபைல்களை விண்டோஸ் வைத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் காலி செய்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டிய எண் "அவெய்லபிள்" என்பது. அது அரை ஜிபிக்கும் கீழே போய், அதே நேரத்தில் டிஸ்க் வரைபடமும் மேலே ஏறினால், ராம் போதவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஏன் டிஸ்க் ஏறுகிறது? ராம் தீர்ந்துபோனால் விண்டோஸ் கையை விரித்துவிடாது. இப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற இடத்துக்கு நகர்த்திவிட்டு, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரும். இந்தப் போக்குவரத்துதான் நம்மைக் காக்க வைக்கிறது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ செகண்டு ஆகும். சிப்களில் சேமிக்கிற டிஸ்க்கான எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோ செகண்டு. சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் 10 மில்லி செகண்டு வரை போகும். இந்தச் சின்ன எண்களை வைத்து வித்தியாசம் மனதில் பதியாது, பெருக்கிப் பாருங்கள்: ராம் ஒரு நொடியில் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் எஸ்எஸ்டி கொடுக்க 17 நிமிடம் ஆகும், ஹார்டு டிஸ்க் ஒரு நாளையும் தாண்டி 28 மணி நேரம் எடுக்கும். ராம் குறைவாக இருக்கிற, ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ள கம்ப்யூட்டரில் பத்து டேப் திறந்தால் மவுஸ்கூட ஏன் நகர மறுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

இன்றைய பிரவுசர்களுக்கு 4 ஜிபி போதாது. 8 ஜிபி இருந்தால் சாதாரண வேலை ஓடும். 16 ஜிபி இருந்தால் பெரும்பாலானவர்கள் ராமைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது. அதற்கு மேல் வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின், பெரிய கேம் என்று குறிப்பான தேவை இருப்பவர்களுக்குத்தான்.

அதே மெமரி பக்கத்தில் கீழே இன்னும் மூன்று விவரங்கள் உண்டு, ராம் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இவற்றைத்தான். "ஸ்லாட்ஸ் யூஸ்டு" என்பதில் 2-இல் 1 என்று இருந்தால் ஓர் இடம் காலி, இன்னொரு ராம் சேர்க்கலாம். 2-இல் 2 என்றால் இருப்பதைக் கழற்றித்தான் பெரியது போட வேண்டும். "ஃபார்ம் ஃபேக்டர்" என்பதில் எஸ்ஓடிஐஎம்எம் என்றால் லேப்டாப்பில் போடுகிற குட்டை ராம், டிஐஎம்எம் என்றால் டெஸ்க்டாப்பின் நீள ராம். அங்கே "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் கூட்ட முடியாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் இதுதான் நிலைமை, ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்குகளிலும் பிறகு ராம் கூட்ட வழியில்லை. மூன்றாவது, வேகம். 2133 முதல் 3200 வரை என்றால் பெரும்பாலும் டிடிஆர்4, 4800 அல்லது அதற்கு மேல் என்றால் டிடிஆர்5, 1600 அல்லது அதற்குக் கீழே என்றால் டிடிஆர்3. ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் போட முடியாது. டெஸ்க்டாப்பில் டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 பின்கள்தான் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், எனவே உட்காரவே உட்காராது. உட்காரவில்லை என்று அழுத்திப் பார்க்க வேண்டாம், வேறு வகை ராமை வாங்கியிருக்கிறீர்கள்.

ஒன்றாக ஒரு 16 ஜிபியா, இரண்டு 8 ஜிபியா என்று கேட்டால் இரண்டு 8 என்றே சொல்வேன். இரண்டு ராம்கள் இருந்தால் பிராசஸர் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் படிக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களில் கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் அங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

டிஸ்க் 100 சதவீதம்

டிஸ்க் பக்கத்தில் வகை என்ற இடத்தில் எஸ்எஸ்டியா ஹெச்டிடியா (சுழலும் ஹார்டு டிஸ்க்) என்று எழுதியிருக்கும். ஹெச்டிடி என்று இருந்து, அதுவும் விண்டோஸ் அதில்தான் இருக்கிறது என்றால், மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம், குற்றவாளி கிடைத்துவிட்டார்.

ஹெச்டிடியில் பலரைக் குழப்பும் ஒரு காட்சி உண்டு. "ஆக்டிவ் டைம்" 100 சதவீதம் என்று காட்டும், ஆனால் ரீட் ஸ்பீடைப் பார்த்தால் ஒரு எம்பிகூட இருக்காது. இது எப்படி? சுழலும் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு. லேப்டாப்களில் வரும் 5400 சுற்று டிஸ்க்கில் 11 மில்லி செகண்டு. தலைப்பகுதி சரியான வட்டத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று கீழே வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். இப்படி நொடிக்கு ஏறத்தாழ நூறு தடவைதான் முடியும். ஒவ்வொரு தடவையும் 4 கேபி துண்டு ஒன்றை எடுத்தால் நொடிக்கு 400 கேபிதான் வரும். டிஸ்க் முழு மூச்சாக உழைக்கிறது, கிடைப்பது என்னவோ அவ்வளவுதான். பெரிய சினிமா ஃபைல் ஒன்றை நேராகப் படிக்கச் சொன்னால் அதே டிஸ்க் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் கொடுக்கும். விண்டோஸ் செய்கிற வேலையோ அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படிப்பது. எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லாததால் இந்தக் காத்திருப்பே இல்லை.

இதனால்தான் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் எஸ்எஸ்டி போடுங்கள் என்பேன். எந்த எஸ்எஸ்டி என்பதில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை போகும், 2.5 அங்குல வடிவில் பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். என்விஎம்இ என்ற புதிய வகை எஸ்எஸ்டி 3500 எம்பி, இன்னும் புதியவை 7000 எம்பி, அதற்கும் மேல் என்று போகும். இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தெரிகிற வித்தியாசத்தில் சின்னப் பங்குதான், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது அன்றாட வேலையில் தெரியும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. எம்.2 வடிவில் சாட்டாவும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. சில மதர்போர்டுகளின் எம்.2 ஸ்லாட் இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். வாங்கும் முன் கம்ப்யூட்டரின் மாடல் எண்ணை வைத்து மேனுவலில் பார்த்துவிடுங்கள். 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். லேப்டாப்பில் 2242-க்குத்தான் இடம் இருந்தால் 2280 உள்ளே போகாது.

1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு புகார் எப்போதும் வரும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. 512 ஜிபி என்றால் 476 என்றுதான் காட்டும்.

எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தும் மெதுவாக இருக்கிறதா? அது கழுத்துவரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக விடுவது நல்லது, எழுதுவதற்கு முன் பழைய தகவலை அழித்து இடம் தயார் செய்ய எஸ்எஸ்டிக்கு இடைவெளி வேண்டும். சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்க்கிற டீஃபிராக் மென்பொருள் எதையும் அதன்மேல் ஓட்டாதீர்கள், தலைப்பகுதி நகர்ந்து தேடுகிற டிஸ்க்குக்காக வந்த வைத்தியம் அது.

பிராசஸர்

பெரும்பாலும் பிராசஸர் மேல்தான் முதல் பழி விழும், பெரும்பாலும் அது காரணமாக இருக்காது. சிபியு வரைபடம் தொடர்ந்து 90-க்கு மேலே நின்றால் பிராசஸஸ் பகுதிக்குப் போய் சிபியு என்ற தலைப்பின் மேல் ஒரு கிளிக் செய்யுங்கள், அதிகம் தின்கிற புரோகிராம் மேலே வந்துவிடும். உங்களுக்குத் தெரிந்த வேலையாக இருந்தால் முடியட்டும் என்று விடுங்கள். பெயரே புரியாத ஒன்று நாள் முழுக்க மேலேயே இருந்தால் ஆன்டிவைரஸ் ஓட்டிப் பாருங்கள்.

கவனிக்காமல் விடப்படுகிற எண் ஒன்று இருக்கிறது. "பேஸ் ஸ்பீடு" 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் இப்போதைய ஸ்பீடு ஓடிக்கொண்டிருக்கும். கனமான வேலை நடக்கும்போது அது பேஸ் ஸ்பீடைத் தாண்டி மேலே போக வேண்டும். மாறாக 0.8, 1.0 என்று கீழே சரிந்தால் ஒன்று மின்சாரம் போதவில்லை (சார்ஜர் செருகாதது, பேட்டரி சேவர் ஆனாக இருப்பது, குறைந்த வாட் சார்ஜர்), அல்லது சூடு. பல பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் இழுக்கிற கேம், ஃபேன் கத்துகிற லேப்டாப், இரண்டுக்கும் காரணம் இதுதான்.

லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்று வருகிற துளைகள் அடியில் அடைபட்டுப் போகும், முதலில் அதை நிறுத்துங்கள். அப்புறம் தூசி. ஃபேனுக்குப் பின்னால் உலோகத் தகடுகள் இருக்கிற இடத்தில் தூசி படிந்து கம்பளி மாதிரி ஒரு படலமாகவே உட்கார்ந்திருக்கும். காற்று அடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். பல வருடம் ஆன கம்ப்யூட்டர் என்றால் பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுக் கொஞ்சமாகப் புதிது வையுங்கள், நிறைய வைத்தால் நிறையக் குளிரும் என்று கிடையாது.

ராம் போடுவது

டெஸ்க்டாப் என்றால் பிளக்கை உருவிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். லேப்டாப் என்றால் பின்மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். ராமை இரு ஓரங்களிலும் பிடியுங்கள், தங்கநிறப் பட்டைகளில் விரல் படக் கூடாது.

டெஸ்க்டாப் ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கியைத் திறந்து, ராமின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக வருகிறதா என்று பார்த்து, செங்குத்தாக வைத்து இரண்டு முனைகளையும் கட்டைவிரல்களால் அழுத்துங்கள். முதல் தடவை செய்கிறவர்களுக்குப் பயம் வருகிற அளவு பலம் தேவைப்படும். டக் என்று சத்தம் வந்து கொக்கி தானாக மூடிக்கொள்ள வேண்டும். நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ராம் போடுவதானால் பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டு வழியும் திறக்காமல் போகலாம், மேனுவலில் படமே போட்டிருப்பார்கள். லேப்டாப்பில் ராமைச் சாய்வாக உள்ளே தள்ளி, பட்டைகள் ஏறத்தாழ முழுவதும் மறைந்த பிறகு கீழே அமுக்க வேண்டும், இரு பக்கக் கிளிப்பும் வந்து பிடித்துக்கொள்ளும். பட்டை பாதி தெரிந்தால் சரியாக உட்காரவில்லை.

டிடிஆர்5 போட்டு முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு புது ராமோடு பழகுகிற நேரம் அது. உடனே ஆஃப் செய்யாமல் காத்திருங்கள். ஆன் ஆனதும் அதே மெமரி பக்கத்தில் முழு அளவும் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டரில் நீங்கள் திறக்கவே கூடாத பாகம் பவர் சப்ளை பெட்டி. பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும். அது கெட்டால் முழுதாக மாற்றுங்கள்.

ஆன் ஆகவே இல்லை என்றால்

இங்கே டாஸ்க் மேனேஜர் உதவாது. ஆனால் பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை நடப்பவை ஒரு வரிசையில்தான் நடக்கும், எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பாகத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை. கேபிள், அடாப்டர், பவர் சப்ளைக்குப் பின்னால் உள்ள ஸ்விட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் வேறு பிளக் பாயின்ட்டில் ஒரு தடவை செருகிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருள் (பழையவற்றில் பயாஸ்) பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிற கட்டம் இது, அங்கே ஏதோ ஒன்று பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் ராம். கழற்றித் திரும்பப் போடுங்கள், இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். சில போர்டுகள் பீப் சத்தத்தாலும் சில போர்டுகள் சின்ன விளக்குகளாலும் எந்தப் பாகம் என்றே சொல்லிவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும், இது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

தயாரிப்பாளரின் லோகோ வந்துவிட்டது, அப்புறம் பூட் செய்ய (அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்க) டிஸ்க் இல்லை என்று செய்தி. யூஇஎஃப்ஐக்குள் போய் (கம்பெனிக்கு ஏற்ப எஃப்2, டிலீட், எஃப்10 என்று மாறும்) டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிஸ்க்குக்கு உயிர் இருக்கிறது, பூட் வரிசையிலோ விண்டோஸ் ஃபைல்களிலோ கோளாறு. இல்லையென்றால் கேபிளோ டிஸ்க்கோ போய்விட்டது. அதற்கும் முன்னால் ஏதாவது பென் டிரைவ் செருகியபடி மறந்திருக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள்.

சுற்றும் புள்ளிகள்வரை வந்து நீலத் திரையாகிறது, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. இப்போது கெர்னல் வந்துவிட்டது, டிரைவரோ அப்டேட்டோ தகராறு செய்கிறது. சில தடவை பூட் தோற்றால் விண்டோஸே ரிக்கவரி திரையைக் கொண்டுவரும். லாகின் திரைவரை வருகிறது என்றால் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அங்கேயே போகலாம். அதிலிருந்து சேஃப் மோடுக்குள் போய் கடைசியாகப் போட்டதை நீக்குங்கள். சேஃப் மோடில் அடிப்படை டிரைவர்கள் மட்டுமே ஏறும் என்பதால், அங்கே ஒழுங்காக ஓடினால் ஹார்டுவேர் மேல் சந்தேகம் குறைந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் தேதி பல வருடம் பின்னால் போய், அதனால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றனவா? டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். 3 வோல்ட், கையாலேயே மாற்றலாம்.

புதிதாக விண்டோஸ் போடுவது

எஸ்எஸ்டி மாற்றும்போது பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கலாம், சுத்தமாகப் புதிதும் போடலாம். பழையதில் கோளாறு எதுவும் இல்லை, மெதுவாக மட்டும்தான் இருந்தது என்றால் நகல் போதும். நீலத் திரை, வைரஸ் என்று சரித்திரம் இருந்தால் புதிதாகப் போடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் அதே கம்ப்யூட்டரில் திரும்பப் போடும்போது தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் ஆனாக இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். நீங்கள் ஆன் செய்யாமலே பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டு வருகிறது. யூஇஎஃப்ஐயில் எதையாவது மாற்றினால் மறுபடி ஆன் ஆகும்போது 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம், எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள், அதே கம்ப்யூட்டரில் சேமித்துவைத்துப் பயனில்லை. பென் டிரைவில் பேக்கப் எடுக்கும்போது இடம் இருந்தும் பெரிய ஃபைல் ஏற மறுத்தால் அது ஃபேட்32 ஃபார்மட்டில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் எல்லாம் வேண்டும், பிராசஸரும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறை முதல். மாடல் எண்ணிலேயே தலைமுறை இருக்கிறது: ஐ5-8250யு என்றால் 8, ஐ5-12400 என்றால் 12. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பட்டியலில் இல்லாத கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு, உள்ளே 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்து, செய்வது பிரவுசிங்கும் டைப்பிங்கும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் மாதிரி வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றை நான் தயங்காமல் சொல்வேன். விண்டோஸுக்கு மட்டுமே வருகிற மென்பொருளை நம்பிப் பிழைப்பு நடத்துபவர்களுக்கு அது சரிப்படாது.

லினக்ஸை டிஸ்க்கில் போடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டும்போது டெஸ்க்டாப் அழகாக இருக்கிறதா என்று பார்த்து நேரத்தை வீணாக்காமல் வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். நான்கும் சரியாக இருந்தால், பேக்கப் எடுத்துவிட்டு இன்ஸ்டால் பட்டனை அழுத்தலாம்.